எத்தனை கிலோ?

தன்னைப் பற்றி ஒருவர் சொல்லும் பொய் தப்பா?

அடுத்தவனை ஏமாற்றிக் காசு பறிக்கிற பொய்யை நான் சொல்லவில்லை. அது தப்பு என்பதற்குக் கட்டுரை எழுதத் தேவையில்லை. நான் கேட்பது சின்னப் பொய்கள். பசியோடு இருந்துகொண்டு "சாப்பிட்டாச்சு" என்பது. நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தும் "தெரியும்" என்பது. எடையில் ஒரு இருபது கிலோவைக் கழித்துச் சொல்வது. யாருடைய பணமும் போகவில்லை, யாருக்கும் காயம் இல்லை. சொன்னவன் தன் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொண்டான், அவ்ளோதான். இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலருக்குச் சட்டென்று பதில் வராது. எனக்கும் வந்ததில்லை. ஒரு சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் இதைப் பற்றி ஒழுங்காக யோசிக்க ஆரம்பித்தேன்.

சைக்கிள் ஓட்டாத தம்பி தங்கைகளுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். எங்கள் கிளையில் ஏழு பேர் மலைச் சைக்கிள் ஓட்டுகிறோம். பெரும்பாலும் புக்கிட் கியாரா காட்டுப் பாதைகள்தான். ஏறுவோம், இறங்குவோம், பிறகு மாமாக் கடையில் ரொட்டி சானாய். போன வருடம் முதல் தடவையாக டவுன்ஹில் போக முடிவானது. டவுன்ஹில் என்றால் ஏற்றமே இல்லை. வண்டியில் சைக்கிளையும் ஆளையும் மலைமேலே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அங்கிருந்து கீழே வரை வேர், பாறை, பள்ளம், சரிவு எல்லாவற்றின் மேலும் இறங்கி வரவேண்டும். கேட்க சுகமாக இருக்கும். ஆனால் சாதாரணப் பாதையில் ஒரு சைக்கிள் ஒரு மணி நேரத்தில் வாங்குகிற அடியை இங்கே ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடும்.

அந்த அடியைத் தாங்குவதற்குத்தான் சஸ்பென்ஷன். இது ஆரம்பத்திலிருந்தே இருந்த சாமான் இல்லை. 1976இல் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக் கீழே விட்டுப் பந்தயம் வைத்தபோது, முன்னும் பின்னும் வெறும் இரும்புதான். 1989இல்தான் போல் டர்னரின் ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் ஆர்எஸ்-1 என்ற முன் ஃபோர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது ஏறக்குறைய 50 மில்லிமீட்டர்தான் அமுங்கும். அடுத்த வருடம் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் டவுன்ஹில் போட்டியை அந்த ஃபோர்க்கை மாட்டிக்கொண்டு வந்த கிரெக் ஹெர்போல்ட் ஜெயித்தார். இன்றைக்கு டவுன்ஹில்லுக்கென்றே செய்யும் சைக்கிள்களில் ஃபோர்க் 200 மில்லிமீட்டர் வரை அமுங்கும். எங்களிடம் அவ்வளவு பெரியது இல்லை. 140, 150, 160 என்று கலந்திருந்தது. சிலது இரண்டாம் கை, ஒன்று மாமாவிடம் இரவல்.

இப்போதைய ஃபோர்க்குகளில் பாதிக்கு மேல் உள்ளே சுருள்கம்பி இருக்காது, காற்றுதான். டயர் பம்பு இதற்கு ஆகாது. சின்னதாக, அழுத்தமானியோடு, இதற்கென்றே ஒரு பம்பு இருக்கிறது. எவ்வளவு காற்று என்பது ஓட்டுகிறவரின் எடையைப் பொறுத்தது. பல ஃபோர்க்குகளின் காலுக்குப் பின்னாலேயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்: இத்தனை கிலோவுக்கு இத்தனை பி.எஸ்.ஐ. என்று. அந்த எடையும் குளியலறைத் தராசில் நிற்கும் எடை இல்லை. ஹெல்மெட், முட்டிக் கவசம், சப்பாத்து, முதுகில் தண்ணீர்ப் பை எல்லாம் சேர்த்து. நீங்கள் யார் என்று ஃபோர்க் கேட்பதில்லை. எவ்வளவு சுமந்துகொண்டு வருகிறீர்கள் என்று மட்டும்தான் கேட்கிறது.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு தாமான் மண்டபத்தின் பக்கத்தில் இருக்கும் பூப்பந்துத் திடலில் ஏழு சைக்கிளையும் நிறுத்தி வைத்தோம். எனக்கு இந்த வேலை கொஞ்சம் தெரியும் என்பதால் பம்பு என் கையில். உதவிக்கு வந்த தம்பி ஒருவன் தாளும் பேனாவுமாக நின்று, ஆர்வக் கோளாறில், திடலுக்கே கேட்கிற மாதிரி ஒரு கேள்வி போட்டான்: "ஒவ்வொருத்தரா வெயிட் சொல்லுங்க!"

யார் யார் எப்படிச் சொன்னார்கள் என்பதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒல்லியானவர்கள் உடனே சொன்னார்கள். ஒருவன் கிலோவுக்குப் பின்னால் புள்ளி போட்டுக்கூடச் சொன்னான். பெண் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நின்ற தம்பி, நல்ல உயரம், நல்ல உடம்பு, கோயில் திருவிழாவில் அன்னதானச் சட்டியைத் தனியாளாகத் தூக்குகிறவன், தரையைப் பார்த்துக்கொண்டு "எழுபத்தஞ்சு" என்றான்.

யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தது கேட்டது. பேனா தம்பி எழுதிக்கொண்டான்.

இந்த நாட்டில் 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். இரண்டு பேர் நின்றால் ஒருவர் என்று கணக்கு. அப்படிப்பட்ட ஊரில் எடை ஏன் இவ்வளவு பெரிய ரகசியமாக இருக்கிறது? கல்யாண வீட்டில் நுழைந்ததும் "என்னடா, நல்லா ஊதிட்ட?" என்று அத்தைமார் கேட்பதை நாம் விசாரிப்பு என்று நினைக்கிறோம். கேட்கப்பட்டவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். ஆனால் அடுத்த முறை யாராவது எண்ணைக் கேட்டால் அவன் வாயிலிருந்து வருவது வேறு எண்.

சரி, திடலுக்கு வருவோம். அட்டவணையில் 75 கிலோவுக்கு என்ன போட்டிருந்ததோ அந்தக் காற்றை அவன் ஃபோர்க்கில் அடித்தேன். ஆனால் அட்டவணை சும்மா ஆரம்பம்தான். அதோடு நிறுத்துகிறவன் வேலை தெரியாதவன். அடுத்ததாக அளந்து பார்க்கவேண்டும். ஃபோர்க்கின் வழவழப்பான மேல் குழாயில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். (இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் கட்டுநாடாவை லேசாகக் கட்டிக்கொள்ளலாம்.) அதை அடிவரைக்கும் தள்ளிவிட்டு, முழு உடுப்போடு மெதுவாக ஏறி, குதிக்காமல், பெடலில் எழுந்து நிற்கவேண்டும். நிற்கிற ஆளின் பாரத்தில் ஃபோர்க் கொஞ்சம் அமுங்கும், வளையம் அதோடு மேலே தள்ளப்படும். மெதுவாக இறங்கினால் ஃபோர்க் திரும்ப எழும்பும், வளையம் அங்கேயே நிற்கும். அந்த இடைவெளியைத்தான் சேக் என்கிறார்கள். 160 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 32 மில்லிமீட்டர் வந்தால் நல்ல தொடக்கம். பின் ஷாக்கில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக, 30 விழுக்காட்டை ஒட்டி வரும். இதைச் செய்யும்போது யாராவது ஒருவர் முன்னால் நின்று சைக்கிளைப் பிடித்துக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் சுவரில் சாயவேண்டும். தனியாக நின்றுகொண்டு தன் சேக்கை அளப்பது லேசில்லை.

நான் பிடித்துக்கொண்டேன், அவன் ஏறி நின்றான், இறங்கினான். வளையம் 48 மில்லிமீட்டரில் நின்றது.

இரண்டு பேரும் பார்த்தோம்.

48 என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லவேண்டும், இல்லையென்றால் இது வெறும் மானப் பிரச்சினையாகத் தெரியும். சும்மா நிற்கும்போதே ஃபோர்க்கின் முப்பது விழுக்காடு போய்விட்டது. செங்குத்துச் சரிவில் ஆளின் பாரம் தானாகவே முன்னால் வரும். அங்கே முன் பிரேக்கைத் தொட்டால் ஃபோர்க் இன்னும் அமுங்கிச் சைக்கிளின் மூக்கு தரையை நோக்கிக் குனியும். அந்த நேரம் பார்த்து ஒரு வேரோ கல்லோ முன் சக்கரத்துக்குக் கிடைத்தால், அடியை வாங்க ஃபோர்க்கில் இடம் மிச்சம் இருக்காது. அடி மொத்தமும் ஆளுக்குப் போகும். ஹேண்டில்பாருக்கு மேலே பறந்துபோய் விழுகிற விபத்துகளுக்கு இது ஒரு முக்கியமான காரணம். தோள்பட்டை எலும்பு முறிவது இப்படித்தான்.

ஆக, அந்த எழுபத்தஞ்சு யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் இல்லை. சொன்னவனுக்கே கெடுதல்.

"அவனுக்குத்தானே? அவன் உடம்பு, அவன் பாடு" என்று ஒரு வாதம் வரும். ஜோன் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலின் நிழல் இது: பிறருக்குக் கெடுதல் வராதவரை ஒருவன் தன் விஷயத்தில் தானே ராஜா. கொள்கையாக எனக்கு இது பிடிக்கும். தலைமுடியை எப்படி வெட்டுவது, யாரைக் கட்டிக்கொள்வது என்பதிலெல்லாம் ஊர் மூக்கை நுழைக்கும்போது மில் நமக்குத் துணை. ஆனால் மலையில் இந்தக் கணக்கு சரிவராது. பாதை ஒரு ஆள் போகிற அகலம். முன்னால் போகிறவன் விழுந்தால் பின்னால் வருகிறவன் அவன் மேல்தான் போய் நிற்பான். தோள் உடைந்தவனைக் காட்டுக்குள்ளிருந்து வண்டி வரும் இடத்துக்குக் கொண்டுவருவது யார்? கூட வந்த ஆறு பேர். அவன் நிஜ எடையை அன்றைக்குத் தோளில் தெரிந்துகொள்வார்கள். தன்னோடு மட்டும் முடிகிற பொய் என்பது தனியாக வாழ்கிறவனுக்கு வேண்டுமானால் இருக்கலாம். கூட்டமாகப் போகிறவனுக்கு இல்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறவர் காண்ட். 1797இல் வந்த ஒழுக்கவியல் நூலில் அவர் பொய்யை, மற்றவர்களுக்குச் செய்யும் குற்றம் என்பதற்கு முன்னால், ஒருவன் தனக்குத் தானே செய்துகொள்ளும் குற்றம் என்று வைக்கிறார். அப்படிப் பார்த்தால் அந்தத் தம்பி நிமிர்ந்து நின்று எல்லார் முன்னாலும் நிஜ எண்ணைச் சொல்லியிருக்கவேண்டும். சிரிப்பு வந்தால் வரட்டும், உண்மை உண்மைதான்.

இங்கேதான் நான் காண்ட்டை விட்டு விலகுகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி. தன்னைப் பற்றிய பொய் தன்னைத்தான் முதலில் கெடுக்கிறது என்பதை 48 மில்லிமீட்டர் கண்முன்னால் காட்டிவிட்டது. ஆனால் அவர் கணக்கில் திடல் இல்லை. கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது, எத்தனை பேர் முன்னால் கேட்கப்பட்டது, யார் சிரித்தது, இதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. பொய்யின் முழுக் கணக்கையும் சொன்னவன் தலையில் எழுதிவிடுகிறார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரு உண்மையைச் சொல்ல ஒருவன் தன் மானத்தை விலையாகக் கொடுக்கவேண்டும் என்று நாம் ஏற்பாடு செய்துவிட்டு, அவன் கொடுக்க மறுத்தால் பொய்யன் என்பது என்ன நீதி? மூக்கால் சிரித்தவரின் பங்கு எங்கே? அத்தைமாரின் பங்கு எங்கே?

நம் பக்கத்து நூல்கள் இதில் கொஞ்சம் நிதானமாக இருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். யோக சூத்திரம் யமங்களை வரிசைப்படுத்தும்போது அகிம்சை முதலில் வருகிறது, சத்தியம் அதற்கு அடுத்துத்தான். வள்ளுவர் வாய்மை என்று ஒரு அதிகாரமே வைத்துவிட்டு, தீங்கு இல்லாத சொல்தான் வாய்மை என்று தொடங்குகிறார். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்கூட அந்த இடத்தைப் பெறலாம் என்கிற அளவுக்குப் போகிறார். இதைப் பொய் சொல்ல லைசென்ஸாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தம்பியின் எழுபத்தஞ்சு நன்மை தரவில்லை, தோளைத்தான் உடைத்திருக்கும். எனக்கு அதில் படுவது வேறு: உண்மையைக் கேட்கிறவனுக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. குத்தாமல் கேட்கிற வழி இருக்கும்போது குத்திக் கேட்டால் அவன் சத்தியத்துக்குச் சேவை செய்யவில்லை.

வழி இருந்தது. ரப்பர் வளையம்தான் அந்த வழி. யோசித்துப் பாருங்கள், ஃபோர்க்குக்கு எண் தேவையே இல்லை. பாரம் மட்டும்தான் தேவை. எடையை வாயால் சொல்லாமலே, தாளில் எழுதாமலே, ஏறி நின்றால் போதும். நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் காத்து வேணும் தம்பி" என்று சொல்லிப் பம்பை மாட்டினேன். பத்து பி.எஸ்.ஐ., ஃபோர்க்கைப் பத்துத் தடவை அமுக்கி உள்ளே காற்றைச் சமப்படுத்தி, திரும்ப ஏறச் சொல்லி அளந்தோம். 41. மறுபடியும். 36. மறுபடியும். 32. காற்று கூடினால் ஃபோர்க் வேகமாகத் திரும்பி உதைக்கும், அதனால் அடியில் இருக்கிற சிவப்புத் திருகையும் இரண்டு கிளிக் இறுக்கினேன். பம்பைக் கழற்றும்போது "உஸ்" என்று சத்தம் வந்ததும் பதறிப்போனான், அடித்த காற்றெல்லாம் போய்விட்டது என்று. அது பம்பின் குழாயில் இருக்கிற காற்று, ஃபோர்க்கில் இருப்பது இல்லை என்று சொன்னேன். முதல் தடவை பார்க்கிற எல்லாருமே பதறுவார்கள்.

பேனா தம்பியின் தாளில் அவன் பெயருக்கு நேராக 75 அப்படியே இருந்தது. நான் திருத்தவில்லை.

அன்றைக்கு என்னை அதிகம் யோசிக்க வைத்தது உண்மையில் அவன் இல்லை. அந்தப் பெண் பிள்ளைகளில் ஒருத்தி. மெலிந்த பிள்ளை, எங்களோடு ஏழெட்டு மாதமாக ஓட்டுகிறாள். கீழே இறங்கும்போதெல்லாம் கடைசியாக வருவாள். கை வலிக்கிறது, விரல் மரத்துப் போகிறது, வேர் மேல் போனால் முன் சக்கரம் துள்ளுகிறது என்பாள். "எனக்குப் பலம் பத்தலை அண்ணே" என்று அவளே காரணமும் சொல்லிவிடுவாள். நாங்களும் தண்டால் எடு, உடற்பயிற்சி செய் என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் சைக்கிள் அப்போதுதான் ஒரு கடையிலிருந்து பழுது பார்த்து வந்திருந்தது. 140 மில்லிமீட்டர் ஃபோர்க். ஏறி நின்றாள். வளையம் 15 மில்லிமீட்டர்கூட நகரவில்லை. யாரோ ஒரு முழு ஆம்பளைக்கு அடிக்கிற காற்றை அதில் அடித்து வைத்திருந்தார்கள். வேகமாகத் தட்டினால்கூட அது கல்லு மாதிரி நின்றது.

காற்றை இறக்கி 28க்குக் கொண்டுவந்து, சிவப்புத் திருகை நாலு கிளிக் தளர்த்திக் கொடுத்தேன். திடலைச் சுற்றி ஒரு வட்டம் போய், நடைபாதை விளிம்பிலிருந்து இரண்டு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றும் பேசவில்லை. திரும்பவும் போய் இன்னும் நாலு தடவை இறங்கினாள்.

இவள் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் தன்னைப் பற்றி ஒரு பொய்யை நம்பிக்கொண்டிருந்தாள், பல மாதமாக, வலியோடு. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று விரல் நீட்டவும் ஆள் இல்லை. தனக்கு அளவாக இல்லாத ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு, தன்னிடம்தான் குறை என்று நினைப்பது நம் பிள்ளைகளிடம் நான் நிறையப் பார்க்கிற விஷயம். படிப்பில், வேலையில், மருமகளாகப் போன வீட்டில். எல்லாருக்கும் ஒரே அளவு காற்று அடிப்பதைச் சமத்துவம் என்று யாராவது சொன்னால் அவரை அந்த 15 மில்லிமீட்டர் ஃபோர்க்கின் மேல் ஏற்றி ஒரு தடவை மலையிலிருந்து இறக்கிவிடலாம். எல்லாருக்கும் ஒரே சேக் என்பதுதான் நான் ஒத்துக்கொள்ளக்கூடிய சமத்துவம். அதற்கு ஏழு பேருக்கு ஏழு விதமான காற்று தேவைப்படுகிறது.

நடுவில் இன்னொரு ரகமும் உண்டு, சொல்லாமல் விட முடியாது. வீடியோவில் பார்த்த பந்தய வீரரின் அளவை அப்படியே போடச் சொன்னவன். "அவரு தொண்ணூறு போடுறாரு அண்ணே." அந்த ஆள் போகிற வேகத்தில் ஒவ்வொரு அடியும் இரண்டு மடங்கு, அதனால் அவருக்குக் கடினமான ஃபோர்க் தேவை. நம்ம ஆள் முதல் தடவை போகிறான், பிரேக்கைப் பிடித்துக்கொண்டேதான் இறங்குவான். நாளைக்கு ஆகப்போகிறவனுக்கு இன்றைக்கே காற்றடித்து வைத்தால் இன்றைக்கு இறங்கப்போகிறவன் என்ன ஆவான்? இவனோடு வாதம் பண்ணவில்லை. வளையத்தைக் காட்டினேன், பேசாமல் இருந்துவிட்டான். வளையத்தோடு யாரும் சண்டை போடுவதில்லை, அது யாரையும் மட்டமாகப் பேசாது என்பதால் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் அன்று இரவு மாமாக் கடையில் எங்கள் கிளையில் மூத்தவரான ஓர் அக்காவிடம் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தே தாரேக்கைக் கலக்கிக்கொண்டே கேட்டார்: "அப்போ அந்தப் பையன் கடைசி வரைக்கும் உண்மையைச் சொல்லவே இல்லை. நீ சொல்ல விடவும் இல்லை. இது அவனுக்கு நல்லதா?"

"அவன் மானம் போகலை, ஃபோர்க்கும் சரியாயிடுச்சு. அப்புறம் என்னக்கா?"

"ஃபோர்க்குக்கு ரப்பர் வளையம் இருக்கு. நாளைக்கு அறுவை சிகிச்சைக்குப் போறான், மயக்க மருந்து குடுக்கிறவங்க எடை கேக்கிறாங்கன்னு வையி. அங்க தராசு இருக்கும், சரி. ஆனா தராசும் இல்லாத, வளையமும் இல்லாத விஷயம் எத்தனை இருக்கு? இழுப்பு இருக்கா, வலிப்பு வந்திருக்கா, ராத்திரி தூங்குறியா, மாத்திரை எடுக்கிறியா, மனசு எப்படி இருக்கு? இதெல்லாம் வாயைத் திறந்து சொன்னாத்தான் தெரியும். சொல்லிப் பழகாதவன் அங்க எப்படிச் சொல்லுவான்?"

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இப்போதும் இல்லை. உண்மை பேசுவது ஒரு பழக்கம், பழக்கத்துக்குச் சந்தர்ப்பம் வேண்டும் என்பது சரிதான். ஆனால் சந்தர்ப்பம் என்பது இருபது பேர் நிற்கிற திடல் இல்லை என்பதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சிரிப்புக்கு நடுவில் உண்மை சொல்லிப் பழகினவன் நம்மில் எத்தனை பேர்? நானும் அப்படிப் பழகவில்லை. என் குறைகளை நான் யாரிடம் முதலில் சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தால், அவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டு முகம் மாறாதவர்கள். கேட்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் மனுஷன் எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்கிறான்.

அக்கா விடவில்லை. "சரி, உன் பயண பாரம் என்ன சொல்லுது?"

பயணத்துக்கு ஒரு பாரம் வைத்திருந்தோம், எல்லா இயக்கத்திலும் இருப்பது மாதிரி. பெயர், ஐ.சி. எண், அவசரத்துக்கு யாரை அழைப்பது, கடைசியில் "உடல்நலக் குறைபாடு ஏதும் உண்டா?" ஏழு பேரும் "இல்லை" என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாளை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி, பேருந்தில் டிக்கெட் கொடுக்கிற மாதிரி, மேலே இருப்பவர் எழுதினதைப் பார்த்துக்கொண்டே கீழே எழுதியிருந்தார்கள். மேலே "இல்லை", அதற்குக் கீழே "இல்லை", கீழே கீழே "இல்லை".

மறுநாளிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்தேன். முதலில் சைக்கிளைப் பற்றிப் பேசினேன். டயரில் எவ்வளவு காற்று, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, முதல் இறக்கத்தை மெதுவாக இறங்கிவிட்டுக் கீழே வளையத்தைப் பார், உச்சி வரைக்கும் போயிருந்தால் ஐந்து பி.எஸ்.ஐ. கூட்டு, பாதிக்கு மேல் வரவே இல்லையென்றால் குறை என்று. பிறகு என் பையில் முதலுதவிப் பெட்டி இருக்கிறது, அதில் உனக்காக எதையாவது தனியாக வைக்கவேண்டுமா என்று கேட்டேன். உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை.

ஐந்து பேர் ஒன்றும் வேண்டாம் என்றார்கள். ஒரு பிள்ளை, தேனீ கொட்டினால் தனக்கு வீங்கும், ஒரு மாத்திரை இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன் என்றாள்.

எழுபத்தஞ்சு சொன்ன தம்பிக்குக் கடைசியாகப் பேசினேன். அவனும் ஒன்றும் வேண்டாம் என்றான். வைக்கப்போகும் நேரத்தில், "அண்ணே, இன்ஹேலர் ஒண்ணு எப்பவும் என் பாக்கெட்ல இருக்கும். விழுந்தா எங்கயாவது தொலைஞ்சிடுமோன்னு… இன்னொண்ணு உங்க பையில வைக்கலாமா?" என்றான். சனிக்கிழமை கொண்டுவா என்றேன்.